மதுரை நகரில் குழந்தைகளைத் தாக்கும் தொற்றுநோய்கள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் ஒரே தடுப்பூசித் திட்டம்தான் நடக்கிறது. ஆனாலும் தட்டம்மையோ டெங்குவோ வரும்போது சில தெருக்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை படுத்துவிடுகிறது. பக்கத்துத் தெருவில் ஒன்றுமில்லை. நகரத்தின் சராசரிக் கணக்கைப் பார்த்து நிம்மதி அடைவதும் பயப்படுவதும் ஒரே அளவுக்குப் பிழையானவை என்பதே கீழ்க்காணும் பதில்களின் அடிப்படை. தொற்றுநோய் தெருவில் பரவுவது. அதைத் தெரு அளவில்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை மருத்துவமனைகள் இருந்தும் நகரத்துக் குழந்தைகளுக்குத் தொற்றுநோய் ஏன் குறையவில்லை?

சில நோய்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. இந்தியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. கக்குவான் இருமலும் ரண ஜன்னியும் இன்றைய இளம் பெற்றோர் கண்ணால் பார்த்திராத நோய்கள். மருத்துவமனை என்பது வந்த நோயைப் பார்க்கும் இடம். வராமல் இருப்பது தடுப்பூசி, குடிநீர், கழிவுநீர், வீட்டின் காற்றோட்டம் ஆகிய நான்கையும் பொறுத்தது. ஒற்றை அறையில் ஆறு பேர் உறங்கும் காம்பவுண்ட் வீடுகளில் இருமல் வழிப் பரவும் நோய்க்கு வேறு உதவி தேவையில்லை.

தமிழ்நாட்டில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டுவிட்டது என்கிறார்கள். பிறகு தட்டம்மை எப்படி வருகிறது?

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு வயது கடந்த குழந்தைகளில் ஏறத்தாழ 89 சதவீதம் பேர் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றிருந்தார்கள். நல்ல எண்தான், தட்டம்மைக்கு மட்டும் போதாது. யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைத் தருவார். நோயாளி வெளியேறிய பின்னும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கியிருக்கும். எனவே ஓரிடத்தில் 95 சதவீதம் பேர் இரண்டு தவணையும் பெற்றிருந்தால்தான் பரவல் தானாக அறுந்துபோகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வார்டில் ஆண்டுக்கு 300 குழந்தைகள் பிறப்பதாகவும், அவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஒன்பதாம் மாத ஊசி மட்டும் போடப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஊசி பெற்றவர்கள் 270 பேர். ஒன்பதாம் மாதத்தில் போடும் ஊசி நூற்றில் 85 பேருக்கே எதிர்ப்பாற்றலைத் தரும். ஆகப் பாதுகாப்புப் பெற்றவர்கள் சுமார் 230 பேர். மீதி 70 பேர் அந்த ஆண்டின் பாக்கி. அடுத்த ஆண்டும் 70, அதற்கடுத்த ஆண்டும் 70. நான்கு ஆண்டுகளில் 280 பிள்ளைகள் அந்த வார்டில் எதிர்ப்பாற்றல் இல்லாமல் சேர்ந்திருப்பார்கள். இது கிட்டத்தட்ட ஓராண்டில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் ஊசியே போடாமல் விட்டதற்குச் சமம். சில ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று தட்டம்மை கிளம்புவது இந்தப் பாக்கி நிரம்பும்போதுதான். 16 முதல் 24 மாதங்களுக்குள் போடும் இரண்டாம் தவணை இதைக் கரைப்பதற்காக வந்தது. நடைமுறையில் பெற்றோர் மறப்பதும் அதைத்தான்.

தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் தட்டம்மை வந்தது. அப்படியானால் ஊசி எதற்கு?

100 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் 95 பேர் இரண்டு தவணை ஊசியும் போட்டவர்கள், 5 பேர் போடாதவர்கள் என்று கொள்வோம். நோய் எல்லாரையும் எட்டினால் போடாத ஐவருக்கும் வரும். போட்ட 95 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு வரும். நோயுற்ற எட்டுப் பேரில் மூவர் ஊசி போட்டவர்கள் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் போட்டவர்களில் 92 பேர் தப்பினார்கள், போடாதவர்களில் ஒருவரும் தப்பவில்லை என்பதை விட்டுவிட்ட உண்மை அது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ருபெல்லா ஊசி போடப்பட்டபோது, இதைவிட மோசமான வதந்திகள் அலைபேசி வழியாகச் சுற்றிப் பல பெற்றோர்களைப் பின்வாங்க வைத்தன.

எந்தக் குழந்தைகள் அதிகமாக விடுபட்டுப் போகின்றன?

ஊசியை எதிர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் சிறு பகுதிதான். இடம் மாறும் பிள்ளைகளே பெரும்பகுதி.

நம் ஊர் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். வளைகாப்பு முடிந்து உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ போனவள், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகு மதுரைக்குத் திரும்புகிறாள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தவணைகள் அங்குள்ள கிராமச் சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். ஒன்பதாம் மாதத் தவணை இங்குள்ள நகர்ப்புறச் செவிலியரின் பொறுப்பு. அங்கிருப்பவர் குழந்தை ஊருக்குப் போய்விட்டது என்று எழுதுவார். இங்கிருப்பவருக்கு அப்படியொரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவில் குழந்தை விழுந்துவிடுகிறது. கர்ப்பக் காலத்தில் தரப்பட்ட பிக்மி எண்ணையும் (கர்ப்பப் பதிவு எண்) தாய்–சேய் நல அட்டையையும் மதுரைக்கு வந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பதிந்துகொள்வது இதற்கு முழுத் தீர்வு.

வாடகை வீடு மாறும் குடும்பங்கள், சுற்றுச்சாலைப் பக்கம் கட்டட வேலைக்கு வந்து கொட்டகைகளில் தங்கியிருக்கும் வடமாநிலக் குடும்பங்கள், செங்கல் சூளைக்குப் பருவத்துக்குப் பருவம் போய்வருபவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். மதுரைக்காரர்கள்தானா என்று பார்த்து ஊசி போடுவதில்லை. எந்த மாநிலத்துக் குழந்தைக்கும் இலவசம்தான். பக்கத்துக் கட்டடத்தில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் தங்கியிருந்தால் செவிலியரிடம் சொல்வது உங்கள் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

அரசுத் திட்டத்தில் எப்போது எந்த ஊசி?

பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி, போலியோ சொட்டு மருந்து, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து. ஆறாவது, பதினான்காவது வாரங்களில் நிமோனியாவுக்கான ஊசியும் போலியோ ஊசியும் கூடுதலாக உண்டு. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை–ருபெல்லா, நிமோனியா ஊக்கத் தவணை, போலியோ ஊசியின் மூன்றாம் தவணை, வைட்டமின் ஏ. பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் தட்டம்மை–ருபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி) ஊக்கத் தவணை, போலியோ சொட்டு மருந்து. ஐந்து வயதில் மீண்டும் முத்தடுப்பு. பத்து, பதினாறு வயதுகளில் ரண ஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசி. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள்.

ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை–ருபெல்லா ஊசியை ஐந்து வயது வரையும், முத்தடுப்பு ஊசியை ஏழு வயது வரையும் போடலாம். இலேசான சளி, காய்ச்சல் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது. பி.சி.ஜி. தழும்பு விழவில்லையென்றால் மறுபடி போடத் தேவையில்லை.

தனியார் மருத்துவமனையில் போடும் வலியில்லா ஊசி மேலானதா?

முத்தடுப்பு, பென்டாவேலன்ட் ஊசிகளின் வலியில்லா வகையில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மை. ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு, வலியுள்ள அரசு ஊசியில்தான் நீண்ட நாள் நிற்கிறது. ஓர் இரவு பாராசிட்டமால் கொடுத்துச் சமாளித்தால் தீரும் காய்ச்சலுக்காக விலை கொடுத்துக் குறைந்த காலப் பாதுகாப்பை வாங்குவது எங்கள் பார்வையில் நல்ல பேரமல்ல. தனியாரிடம் கூடுதலாகக் கிடைப்பவை சின்னம்மை, பொன்னுக்குவீங்கி, டைபாய்டு ஆகியவற்றுக்கான ஊசிகள். இவை அரசு அட்டவணையில் இல்லை. வசதியுள்ளவர்கள் போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் அம்மை வார்த்திருக்கிறது. மருத்துவரிடம் போகலாமா?

போகலாம், சில வேளைகளில் கட்டாயம் போக வேண்டும். வேப்பிலை கட்டுவதும், வெளியாட்களை வீட்டுக்குள் விடாதிருப்பதும், பிள்ளையைத் தனிப் பாயில் படுக்க வைப்பதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே அனுப்பாதிருப்பதும் பரவலைத் தடுக்கும் நல்ல பழக்கங்கள். மாரியம்மனுக்கு மனம் கோணுமே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. கஞ்சியும் இளநீரும் தருவதோடு மருந்தும் தரலாம்.

தவறாகிப் போவது இரண்டு இடங்களில். முதலாவது, எல்லா அம்மையையும் ஒன்றாக நினைப்பது. நீர்க்கொப்புளமாக எழும்பும் சின்னம்மை பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானே ஆறிவிடும். முதலில் கடும் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, பிறகு முகத்தில் தொடங்கி உடலெங்கும் பரவும் மணல் போன்ற தடிப்பு என்று வந்தால் அது தட்டம்மை. நிமோனியா, வயிற்றுப்போக்கு, காதில் சீழ், பார்வை இழப்பு வரை அது கொண்டுபோய்விடும். அதன் பிறகு சில மாதங்களுக்குப் பிள்ளையின் எதிர்ப்பாற்றலே தளர்ந்திருக்கும். தட்டம்மை கண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வைட்டமின் ஏ தர வேண்டும்; ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு ஒரு வேளை மட்டும் 2 லட்சம் அலகு, ஆறு முதல் பதினோரு மாதம் வரை 1 லட்சம் அலகு. இதைச் சுகாதார நிலையத்தில் தருவார்கள். இரண்டாவது, பத்தியம் என்ற பெயரில் பிள்ளையைப் பட்டினி போடுவது. அம்மை கண்ட உடம்புக்கு வழக்கத்தைவிட அதிக உணவு தேவை. அம்மைக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் எந்தக் காரணத்தாலும் தரக்கூடாது.

எத்தனை நாள் பள்ளிக்கு அனுப்பக்கூடாது?

தட்டம்மையில் தடிப்பு வந்த நாளுக்குப் பின் நான்கு நாட்கள். தடிப்புக்கு முந்தைய நான்கு நாட்களிலேயே அது வகுப்பில் பரவியிருக்கும் என்பதால், வகுப்புத் தோழர்களின் ஊசிக் கணக்கை ஆசிரியர் அன்றே பார்ப்பது நல்லது. சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை. பொன்னுக்குவீங்கியில் வீக்கம் தொடங்கி ஐந்து நாட்கள். தக்காளிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் கை, கால், வாய்க் கொப்புள நோயில் காய்ச்சல் விட்டுக் கொப்புளங்கள் காயும் வரை. தேர்வுக்காகவும் முழு வருகைப் பரிசுக்காகவும் பிள்ளையை அனுப்பும் பழக்கத்தைப் பள்ளிகளே நிறுத்த வேண்டும்.

எங்கள் வீட்டில் சாக்கடை இல்லை, சுத்தமாக இருக்கிறது. டெங்கு எப்படி வந்தது?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். வைகைத் தண்ணீர் நாள்தோறும் எல்லா நேரமும் வருவதில்லை என்பதால் குடம், டிரம், சிமெண்ட் தொட்டி என்று பிடித்துவைப்பது மதுரை வீடுகளின் கட்டாயம். தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் டெங்கு வருவது இதனால்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மொட்டை மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, பழைய ஆட்டுக்கல் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நீர் சேரும் தட்டைப் பலர் பார்ப்பதே இல்லை.

முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டி, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நார் கொண்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்து உரிய அளவில் குடிநீருக்கும் அனுமதிக்கப்பட்டது. அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பும் வீடே அந்தத் தெருவின் கொசுப் பண்ணையாகிவிடுகிறது. புகை அடிப்பதோ பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தெருவே கேட்டு வாங்கும் புகையைவிடத் தெருவே சேர்ந்து தொட்டி கழுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகம் பயன்தரும் என்பது எங்கள் துணிபு.

டெங்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இனிப் பயமில்லையே?

அந்த நேரத்தில்தான் கவனம் வேண்டும். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரைக்குள் காய்ச்சல் இறங்கும் வேளையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், கை கால் சில்லிட்டுப் போதல், சோர்ந்து விழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதிருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம். ஐபுப்ரோஃபென் கூடாது. நிலவேம்புக் குடிநீர் அரசே வழங்கும் மருந்துதான்; அதைக் குடித்துவிட்டதால் மேற்சொன்ன அறிகுறிகள் வந்தாலும் வீட்டிலேயே காத்திருக்கலாம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

குழாய்த் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கு வருவது ஏன்? நீரேற்று நிலையத்தில் குளோரின் சேர்க்கிறார்களே?

சேர்க்கிறார்கள். கோளாறு வழியில் நேர்கிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது விரிசல் வழியாக அருகிலுள்ள சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். அடுத்த முறை திறந்ததும் முதலில் வருவது அந்தக் கலவைதான். கலங்கலாகவோ நாற்றத்தோடோ வரும் முதல் தண்ணீரைப் பிடிக்காமல் விட்டு, பின் வருவதைக் கொதிக்கவைத்து ஒரு நிமிடம் கொதிநிலையிலேயே வைத்துக் குடிக்கலாம். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. ஒரே தெருவில் பல பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் சோதித்துத் தரும்படி வார்டு அலுவலகத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைப் போட்டுக் கலக்கினால் உப்பு அளவு கெட்டுவிடும். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றல்ல. சரியான கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும், அதற்கு மேற்பட்ட சர்க்கரை போக்கை அதிகமாக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாட்கள் தர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

விடால் சோதனையில் டைபாய்டு என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

ஒரு முறை எடுத்த விடால் சோதனையை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. முன்பு எப்போதோ வந்துபோன தொற்றினாலும் அது நேர்மறையாகக் காட்டும். நான்கைந்து நாள் விடாத காய்ச்சலில், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுக்கும் இரத்த வளர்ப்புச் சோதனையே நம்பத்தக்கது. மருந்துக்கடையில் இரண்டு வேளை மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு சோதனைக்குப் போனால் அதுவும் ஒன்றும் சொல்லாது.

சளிக்கும் நிமோனியாவுக்கும் வேறுபாட்டை வீட்டில் எப்படி அறிவது?

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ அது வெறும் சளியல்ல.

தாத்தாவுக்குக் காசநோய். பேரப்பிள்ளைக்கு பி.சி.ஜி. போட்டாயிற்றே?

பி.சி.ஜி. மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோயிலிருந்து சிறு குழந்தையைக் காக்கும். நுரையீரல் காசநோயை முழுதாகத் தடுக்காது. வீட்டில் ஒருவருக்குச் சளியில் கிருமி இருந்தால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்து, நோய் இல்லையென்று உறுதியான பின் அரசுத் திட்டத்தில் தடுப்பு மருந்து இலவசமாகத் தருகிறார்கள். பெண் பார்க்க வரும்போது கேட்பார்களே என்று வீட்டார் நோயை மறைப்பதில் முதலில் பலியாவது மடியில் தூங்கும் பிள்ளைதான்.

பெரியாஸ்பத்திரியில் இத்தனை குழந்தைகள் அனுமதி என்று செய்தி வருகிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் என எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அங்குள்ள படுக்கைக் கணக்கு மதுரை நகரின் நோய்க்கணக்கு ஆகாது. எந்த வார்டு, அங்கு எத்தனை பிள்ளைகள், எந்த வாரம் காய்ச்சல் தொடங்கியது என்ற மூன்றும் தெரிந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. தனியார் மருத்துவர்கள் தகவல் தராமல் விட்டால் அந்தத் தெரு வரைபடத்தில் வெள்ளையாகவே இருக்கும்.

போலியோ ஒழிந்த பின்னும் கால் தளர்ந்த பிள்ளையின் மலத்தை ஏன் கேட்கிறார்கள்?

பதினைந்து வயதுக்குட்பட்ட யாருக்குக் கையோ காலோ திடீரெனத் தளர்ந்தாலும், காரணம் வேறு என்று மருத்துவருக்குத் தோன்றினாலும், போலியோ இல்லை என்பதை ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். தளர்ச்சி தொடங்கிய 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரிகள் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் அனுப்புவார்கள். மறுக்காமல் தாருங்கள். காய்ச்சலோடு தடிப்பு கண்ட பிள்ளைகளிடம் இரத்தம் கேட்பதும் இதுபோலத்தான், அது தட்டம்மையா ருபெல்லாவா என்று ஆய்வகத்தில் உறுதிசெய்ய. செவிலியரை நேரில் பார்க்க முடியாதவர்கள் 104 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம். மூச்சுத் திணறலோ வலிப்போ இருந்தால் 108.